நாற்பத்தேழாம் மாதிரியும் அன்ரியின் திருநீற்றுப் பேணியும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அறிவியல் கண்டுபிடிப்பு அந்தக் கோபத்தில் செய்ததுதான்.

2009 தொடக்கத்தில் மதுரையிலிருந்து மெல்பர்னுக்கு முனைவர் பட்டம் படிக்கப் போனேன். என் வேலை நூல் நூற்பது. பருத்தி நூல் இல்லை, பீங்கான் நூல். ஓர் அலுமினிய உப்பைத் தண்ணீரில் கரைத்து, பசைபோல ஒரு பாலிமரைக் கலந்து, ஊசி போடும் சிரிஞ்சில் நிரப்பி, ஊசி முனைக்கு இருபதாயிரம் வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். முனையில் நிற்கும் சொட்டு அந்த மின்சாரத்தில் இழுபட்டு, காற்றில் சுழன்று, எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக வந்து விழும். பார்க்கப் பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். பிறகு அதை உலையில் வைத்து ஆமை வேகத்தில் சூடேற்றி ஆயிரத்து இருநூறு டிகிரிக்குக் கொண்டுபோனால், பாலிமர் எரிந்துபோய், பீங்கான் மட்டும் இழையாகவே நிற்க வேண்டும்.

நிற்க வேண்டும். நின்றால்தானே! பத்து மாதமாக நிற்கவில்லை. உலைக் கதவைத் திறக்கும்போது வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கும். இடுக்கியால் தொட்டால் பொடி. பெருமூச்சு விட்டால் பொடி. ஒருமுறை தும்மினேன், மூன்று நாள் வேலை பறந்துபோயிற்று. நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் தெரியும். சூட்டில் ஒவ்வொரு இழையிலும் பீங்கான் மணிகள் வீங்கிவிடும். கடலை உருண்டைகளை வரிசையாக ஒட்டி வைத்தது போல இருக்கும், ஒட்டின இடத்தில் உடையும். அப்படி நாற்பத்தாறு மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தேதி போட்டு, குறிப்பேட்டில் "பொடி" என்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் வருட முடிவில், பிப்ரவரியில், மூன்று பேர் கொண்ட குழு என் வேலையைப் பரிசீலிக்கும். தேறவில்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடும், விசா அதன் பின்னாலேயே போய்விடும். என் பேராசிரியர் கிப்ஸ்லாண்டில் பால் பண்ணை வைத்திருந்தவரின் மகன். அதிர்ந்து பேசாத மனிதர், ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். இடுக்கியில் தூக்கினால் உடையாத இழை மூன்று முறை வர வேண்டும், மூன்று முறை வராதது வந்ததாகவே கணக்கில்லை. நானோ அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு விமானம் ஏறியவள். ஒரு பை பொடியோடு திரும்பிப்போய் அந்த வாசலில் நிற்பதற்குப் பதில் நானே அந்த உலைக்குள் போய்விடலாம் என்று இருந்தது.

அப்போது கிளென் வேவர்லி என்ற புறநகரில், ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் அறை எடுத்திருந்தேன். அந்த அன்ரியும் (நம் ஊர் ஆன்ட்டிதான்) அங்கிளும் தொண்ணூறுகளில் வந்தவர்கள். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அங்கே வீடு வாங்கினார்கள். மகள் படித்து முடித்து, கல்யாணம் செய்து, கிரெய்கிபர்னுக்குக் குடிபோய்விட்டாள். பள்ளிக்கூடம் இவர்களோடு தங்கிவிட்டது. அவளுடைய அறைதான் எனக்கு.

அன்ரியிடம் ஒரு பேணி இருந்தது. பேணி என்றால் அவர்கள் பேச்சில் தகர டப்பா. பழைய பால்மா டப்பா அது, அதற்குள் அவருடைய ஊர்ப் பிள்ளையார் கோயில் திருநீறு. போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வரும்போது பத்திரங்கள், ஒரு சேலை, இந்தப் பேணி, இவ்வளவுதான் அவர் கையில் இருந்ததாம். அடி தெரிகிற சமயத்தில் எல்லாம் ஊரிலிருந்து ஓர் ஆள் வருவார், அவரிடமிருந்து அங்கிள் ஒரு பொட்டலம் வாங்கிவருவார். அந்தத் திருநீறு இல்லாமல் அந்த வீட்டில் எதுவும் தொடங்காது. பரீட்சை, கார் ஓட்டும் சோதனை, இரத்தப் பரிசோதனை, எதுவும். தினமும் காலையில் நான் வாசலைத் தாண்டுவதற்குள் அன்ரி மூன்று பட்டை இழுத்துவிடுவார். எனக்கு நம்பிக்கை இல்லை என்று முதல் நாளே வெடுக்கென்று சொன்னேன். "நீ நம்பத் தேவையில்லை பிள்ளை, நெத்தியைக் காட்டு" என்றார். காட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் டிஷ்யூவால் துடைத்துக்கொண்டு போவேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மழை. பஸ் வரவில்லை. டிஷ்யூவும் இல்லை, பட்டையோடு ஆய்வகத்துக்குள் போனேன். உலையைத் திறந்தேன், நாற்பத்தாறும் பொடி. அடுத்த கரைசல் பீக்கரில் சுற்றிக்கொண்டிருந்தது. என் கோட்டுப் பையில் அன்ரி அன்று கொடுத்த பொட்டலம், நாள்காட்டித் தாளில் மடித்தது, மெசினுக்கும் பூசச் சொல்லிக் கொடுத்தது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ, "இந்தா, நீயும் பூசிக்கோ" என்று பீக்கரைத் திட்டிக்கொண்டே பொட்டலத்தை அதற்குள் கொட்டிவிட்டேன். அது புஸ்ஸென்று நுரைத்தது. அமிலக் கரைசலில் சாம்பல் விழுந்தால் நுரைக்காமல் என்ன செய்யும்? கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்கியிருக்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும். சனியன் போகட்டும் என்று சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். குறிப்பேட்டில் எழுதவில்லை. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

நாற்பத்தேழாம் மாதிரி உடையவில்லை.

இடுக்கியால் தொட்டேன், தூக்கினேன், வளைத்தேன். விட்டால் நிமிர்ந்தது. ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் வந்து தானே ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு போய் எல்லோருக்கும் கேக் வாங்கிவந்தார். என்ன மாற்றினாய் என்று கேட்டார். எதுவும் மாற்றவில்லை, அதேபோலத்தான் செய்தேன் என்று சொன்னேன். வாயில் கேக் இருந்ததால் பொய் சுலபமாக வந்தது.

அடுத்த மூன்று மாதிரிகளைத் திருநீறு இல்லாமல் செய்தேன், மூன்றும் பொடி. சரி, அதுதான் காரணம் என்றால் அது வேண்டும். பொட்டலத்தில் இருந்ததோ ஒரு சிட்டிகை. அன்ரியிடம் போய் இன்னும் கொஞ்சம் கேட்டேன். நான் கேட்டேன் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, ஆனால் தரவில்லை. அடியில்தான் கிடக்கிறது, அந்த ஆள் வரட்டும் என்றார். நான் இந்தியக் கடையில் வாங்கினேன், மெல்பர்ன் கோயிலில் வாங்கினேன், வாசனை போட்டது, போடாதது, எல்லாம் வாங்கிக் கலந்தேன். அத்தனையும் பொடி. ஒன்றால் மட்டும் ஆய்வகம் முழுக்க இரண்டு நாள் சந்தனம் மணந்தது. வாங்கியதில் மிஞ்சியதை அன்ரிக்குக் கொடுத்தேன். விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "இது சுண்ணாம்பு" என்று திருப்பிக் கொடுத்தார். சோதித்துப் பார்த்தேன். சுண்ணாம்புதான். பல லட்சம் டாலர் கருவி சொன்னதை அவர் கட்டைவிரல் முன்னாலேயே சொல்லிவிட்டது.

அதே கருவியில் நாற்பத்தேழையும் வைத்துப் பார்த்தேன். அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அது சொல்லும். கால்சியம், சிலிக்கன், பொட்டாசியம், இதெல்லாம் சாம்பலில் இருப்பதுதான். ஆனால் மெக்னீசியம், நான் எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கம். ஒரு பிள்ளையார் கோயில் மாட்டுக்கு இவ்வளவு மெக்னீசியம் எங்கிருந்து வந்தது? எனக்கு அந்த மாட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. உங்கள் ஊர் மாடுகள் என்ன தின்னும் என்று அன்ரியைக் கேட்டேன். புல், வைக்கோல், எள்ளுப் பிண்ணாக்கு என்று அவர் ஆசையாக அடுக்கிக்கொண்டிருக்கும்போது, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அங்கிள் எழுந்து தோட்டத்துக்குப் போனார். பின்னாலேயே போய், திருநீறு கொண்டுவருகிற ஆள் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்று கேட்டேன். "ஒரு ஆள்," என்றார். எப்போது வருவார்? "வருவார்," என்றார்.

சனிக்கிழமைகளில் அன்ரி கிரெய்கிபர்னுக்கு மகள் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, போய்வர ஒரு பகல். நானும் ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், நண்பகலிலேயே திரும்பி வந்தேன். வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. முந்தின கோடையில்தான் மெல்பர்னைச் சுற்றியிருந்த காடுகளை எரித்த அந்தப் பெருந்தீ, அதன் பிறகு எங்கே புகை தெரிந்தாலும் யாராவது உடனே போன் போட்டுவிடுவார்கள். பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினேன். மூடியிருந்த பழைய கரி பார்பெக்யூவுக்குப் பக்கத்தில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு அங்கிள், எதிரே இரண்டு தீயணைப்பு வீரர்கள். அங்கிள் கையில் ஒரு தட்டு, தட்டில் எட்டு சொசேஜ். முட்டைகூடத் தொடாத மனிதர், சனிக்கிழமை என்றால் சொசேஜ் சுடாமல் முடியாது என்று அவர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் பத்திரமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனதும், அங்கிள் வேலி ஓரமாகப் போய் சொசேஜ்களைப் பச்சையாகவே ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டார். நாய் அங்கே ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது, அதற்கு இது வழக்கம் போலிருக்கிறது. நான் பார்பெக்யூ மூடியைத் தூக்கினேன். உள்ளே வறட்டி. மாட்டுச் சாணத்தைத் தட்டிக் காயவைத்த வறட்டிகள் கணகணவென்று எரிந்து, ஓரத்தில் வெளுத்துக்கொண்டிருந்தன.

அங்கிள் தட்டைக் கீழே வைத்தார். "பேணி மூண்டாம் வருசமே முடிஞ்சுது பிள்ளை. அப்ப பாதை பூட்டு, ஆரும் வரேல்லை. அவ சாப்பிடாமல் கொள்ளாமல் வெறும் பேணியைத் துறந்து துறந்து பாத்துக்கொண்டிருந்தவ. நான் என்ன செய்ய? சுட்டன்."

பிறகு சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த காலத்தில் ஆள் அனுப்பிக் கேட்டாராம். கோயிலில் கூரையே இல்லை என்று போனவர் வந்து சொன்னாராம். அதையும் சேர்த்து மறைத்துவிட்டு, தொடர்ந்து சுட்டிருக்கிறார். பத்து வருடத்துக்கு மேலாக. தோட்டச் சாமான் கடையில் மூட்டையில் விற்கும் சாணத்தை வாங்கி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஷெட் கூரையில் தட்டிக் காயவைத்து, அன்ரி வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துச் சுட்டு, அவருடைய பழைய வாயில் சேலையில் சலித்து எடுப்பார். புகை வாசத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் சொசேஜ். குப்பையில் சொசேஜ் உறையைக் கண்டுபிடித்து, தன் புருஷன் ஒளித்து இறைச்சி தின்கிறார் என்று அன்ரி ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம். அவரும் ஆமாம் தின்றேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டாராம். வாயில் வைக்காத இறைச்சிக்கு இத்தனை வருடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "ஊர்லேர்ந்து ஆள் கொண்டுவந்ததுன்னு சொல்லியிருக்கீங்களே, அது பொய் இல்லையா அங்கிள்?" என்று கேட்டேன்.

"ஊரெண்டது அவ சொன்னது. ஒரு ஆள் கொண்டுவந்ததெண்டுதான் நான் சொன்னனான்," என்றார். "நானும் ஆள்தானே."

ஷெட்டுக்குள் அந்தச் சாண மூட்டை இருந்தது. புரட்டிப் பார்த்தேன். கலந்திருக்கும் பொருட்கள் என்று பின்னால் அச்சடித்திருந்ததில் டோலமைட் என்ற கல்பொடி இருந்தது. டோலமைட்டில் ஏறக்குறையப் பாதி மெக்னீசியம் கார்பனேட். மண்ணுக்கு நல்லதென்று மூட்டைக்காரன் கலந்தது சாணத்தோடு வெந்து, சேலையில் சலிந்து, பேணிக்குள் போய், என் கோட்டுப் பை வழியாகப் பீக்கருக்கு வந்திருக்கிறது. நான் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். அங்கிள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சூடு பற்றிப் பேசினோம். சாம்பல் சில தடவை பழுப்பாக வருகிறதே ஏன் என்று கேட்டார். உள்ளே கரி மிச்சம் இருக்கிறது, காற்று விட்டு மெதுவாகச் சுட வேண்டும் என்றேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்துகொடுத்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம், பீக்கரில் மெக்னீசியம் கலந்திருக்கிறது போல என்று மட்டும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய பாடப்புத்தகத்தை எடுத்து, தூசி ஊதி, ஒரு பக்கத்தைத் திறந்தார். அலுமினாவில், அதாவது எங்கள் அலுமினியப் பீங்கானில், துளி மெக்னீசியம் கலந்தால் மணிகள் வீங்காது. கட்டிப் பீங்கான் செய்பவர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த சமாச்சாரம். நாங்கள் இழை பற்றிய கட்டுரைகளை மட்டும் விழுந்து விழுந்து படித்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலே இருந்த புத்தகத்தைத் திறக்கவில்லை. அவருக்குக் காது சிவந்துவிட்டது. இந்தப் புத்தக விஷயம் நமக்குள் இருக்கட்டும் என்றார். அந்த ஒரு வாரத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் என்னிடம் இரகசியம் ஒப்படைத்துவிட்டார்கள்.

புட்டியிலிருந்து மெக்னீசிய உப்பை அளந்து போட்டு ஜனவரியில் செய்த ஐம்பத்தெட்டாம் மாதிரியும் உடையவில்லை. ஆக, இரண்டு. இன்னும் ஒன்று வேண்டும். உலை பொது உலை, வரிசையில் நின்று பதிய வேண்டும். எனக்குக் கிடைத்தது பிப்ரவரியில் ஒரு திங்கள் காலை முதல் செவ்வாய் மாலை வரை. வியாழக்கிழமை குழு. அதைவிட்டால் வேறு நேரமே இல்லை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அங்கிளுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், புதன் காலை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்றார்கள். அன்ரி வீட்டுக்கு வந்து பேணியைத் திறந்தார். வெறும் தகரம். பூசாமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று மருத்துவரிடமே போய்ச் சொன்னார். மகள் அழுதாள், தாதி பேசிப் பார்த்தார், நான் கோயில் விபூதியை நீட்டினேன். அன்ரி அதே கட்டைவிரலால் தேய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி சம்மதிக்காமல் நான் போகமாட்டேன் என்று அங்கிளும் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. அங்கிள், தாழ்ந்த குரலில். "பிள்ளை, ஷெட்டுக்கை பெயின்ற் வாளிக்கை காஞ்ச வறட்டி கிடக்குது. உம்மட்டை உலை இருக்குதல்லோ."

மறுநாள் என் மாதிரிதான் அந்த உலையில் ஏற வேண்டும் என்று சொன்னேன்.

"ஓ, உம்மட சோதனை வியாழக்கிழமை என்ன. மறந்துபோனன். சரி, விடும் பிள்ளை," என்று வைத்துவிட்டார்.

அந்த 'விடும்' என்ற சொல்தான் என்னை எரித்துவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று முழுக்க எல்லோர் மேலும் கோபம். அங்கிள் மேல், அன்ரியின் கட்டைவிரல் மேல், பிள்ளையார் மேல், முகம் தெரியாத அந்த மாட்டின் மேல். வீட்டிலேயே சுடலாமா என்றால் அடுத்த இரண்டு நாளும் நாற்பது டிகிரி வெயில், வடக்குக் காற்று, திறந்த வெளியில் தீ மூட்டத் தடை. அன்ரி வேறு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்துகொண்டிருந்தார். இரண்டையும் ஒரே உலையில் வைக்கலாமா என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இழைக்கு ஆயிரத்து இருநூறு டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் சாம்பல் உருகிப் பச்சைக் கண்ணாடிக் கட்டியாகிவிடும். கண்ணாடியை நெற்றியில் எப்படிப் பூசுவது? ஒரு உலை, ஒரு தடவை.

திங்கட்கிழமை காலை பெயிண்ட் வாளியோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண்மணி இரண்டு நிறுத்தம் பொறுத்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டார். உலைக்குப் படிவம் நிரப்ப வேண்டும். பொருள் என்ற இடத்தில் "சாணம்" என்று எழுதினேன். அபாயம் என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்துவிட்டு "தெரியவில்லை" என்று எழுதினேன். நண்பகலுக்குள் தாழ்வாரம் முழுக்க வாசம். பேராசிரியர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, உலைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மாடு," என்றார். பிறகு, "ஃப்ரீஷியன் மாடா?"

மூட்டையில் வந்தது, சாதி தெரியாது என்றேன். அவர் சுவரில் இருந்த பதிவுத் தாளைப் பார்த்தார், ஐம்பத்தொன்பதாம் மாதிரி இழை என்று இருந்ததை நான் அடித்திருந்தேன். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன், இந்தச் சாம்பல் இல்லாமல் நடக்காது, நாற்பத்தேழிலும் இதேதான் விழுந்தது என்று சொன்னேன். அழுதுவிட்டேன், கோபத்தில்தான். பார்பெக்யூவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அறுநூற்றைம்பது டிகிரியில் ஆறு மணி நேரம் நிறுத்து, காற்றுத் துளையைத் திறந்து வை, இல்லையென்றால் பழுப்பாக வரும் என்றார். பிறகு என் குறிப்பேட்டை வாங்கி, ஐம்பத்தொன்பதாம் மாதிரி, மாடு, அறுநூற்றைம்பது டிகிரி என்று தன் கையாலேயே எழுதினார்.

புதன் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் அன்ரியிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஆர் கொண்டுவந்தது என்று கேட்டார். ஓர் ஆள் என்றேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்தேன்.

"இந்த முறை வடிவாச் சுட்டிருக்கினம்," என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. "நல்ல வெள்ளை."

தள்ளுகட்டிலில் கிடந்த அங்கிளின் நெற்றியில் பட்டை இழுத்தார். மழித்து மருந்து தடவியிருந்த நெஞ்சிலும் பூசினார், தாதி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி துடைத்தார். அங்கிள் நெற்றியைத் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"எத்தினை டிகிரி?" என்று காதில் கேட்டார்.

அறுநூற்றைம்பது என்றேன்.

"நான் அவ்வளவு விடேல்லை," என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வியாழக்கிழமை குழு முன்னால் இரண்டே மாதிரிகளோடு நின்றேன். மூன்றாவது எங்கே, நாற்பத்தேழில் மெக்னீசியம் போட்டதற்குக் குறிப்பேட்டில் பதிவு எங்கே என்று கேட்டார்கள். பொய் சொல்ல எனக்கு வலு இல்லை. சாம்பல் என்றேன். என்ன சாம்பல்? நெற்றியில் பூசுகிற புனிதச் சாம்பல், மாட்டுச் சாணத்தில் செய்வது, கோபத்தில் கொட்டிவிட்டேன், எழுதாதது என் தப்பு, மூன்றாவதுக்கு வைத்திருந்த உலை நேரத்தில் வீட்டு நோயாளிக்காக மறுபடி அதையே சுட்டேன் என்றேன். விமானத்தில் எந்த இருக்கை கேட்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஆனால் அவர்கள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. ஒரு சமூகத்தின் புனிதப் பொருளைப் பல்கலைக்கழகத்தின் உலையில் போட அனுமதி வாங்கினோமா என்று தலைவர் கவலையாகக் கேட்டார். அடுத்தவர், மனம் புண்பட்டிருக்குமா என்றார். முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள், என் மணிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் எழுதாமல் விட்டதற்கு ஓர் எச்சரிக்கையும், ஆறு மாத அவகாசமும். மூன்றாவது மாதிரி வர வேண்டும், சாம்பலுக்குப் பாதுகாப்புத் தாள் தயாரிக்க வேண்டும், சமூகப் பெரியவர் ஒருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். பாதுகாப்புத் தாளில், பொருள் உடலில் எந்த வழியாகப் படுகிறது என்று ஒரு கேள்வி. "நெற்றி" என்று எழுதினேன். சமூகப் பெரியவராக அங்கிள் நெஞ்சில் தையலோடு சாய்ந்திருந்து கையெழுத்துப் போட்டார். பொருள் கிடைத்த இடம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் "ஒரு ஆள்" என்று எழுதினார். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது மாதிரி மார்ச்சில் வந்தது, உடையவில்லை.

இதற்கிடையில் அன்ரி ஒரு வேலை செய்தார். போர் முடிந்து, எங்கெங்கோ அலைந்த அவர் தங்கை ஊருக்குத் திரும்பியிருந்தார். கோயில் கூரை விழுந்துவிட்டது, திருப்பிக் கட்டுகிறோம், மாடுகள் இல்லை, திருநீறுகூடக் கடைப் பொட்டலம்தான் என்று போனில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நமக்கு வந்தது எங்கிருந்து என்று அன்ரி கேட்கப்போகிறார் என்று நானும் அங்கிளும் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் கேட்கவில்லை. "நல்ல சாமான் எல்லாத்தையும் வெளிநாட்டுக்குத்தானே அனுப்புறவை," என்று சலித்துக்கொண்டார். இறாலைப் போல, தேயிலையைப் போலத் திருநீறும் ஏற்றுமதியாகிவிட்டது என்பது அவர் முடிவு. பாவம், ஊரில் இருக்கிறவர்களுக்கே ஊர்த் திருநீறு இல்லையே என்று ஐம்பத்தொன்பதாம் மாதிரியில் பாதியைப் பொதி செய்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அன்ரி எல்லோரும் கேட்கும்படி வைத்தார். அந்தப் பக்கம் தங்கையின் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, இது எங்கட கோயில் திருநீறுதான். கையிலை எடுத்த உடனை தெரிஞ்சுது. சனமெல்லாம் வந்து ஆளுக்குக் கொஞ்சமா வாங்கிப் பூசிக்கொண்டு அழுதுபோட்டுப் போகுதுகள். இனி இஞ்சை ஒரு துளி இல்லை. கும்பாபிஷேகத்துக்கு வேணும் அக்கா, இன்னும் கிடைக்குமோ?"

அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு, அங்கிளைப் பார்த்துக் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, அந்த ஆள் திரும்ப எப்ப வருவார்?"

அங்கிள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, உலைப் பதிவுப் பக்கத்தைப் புரட்டினேன்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றார் அன்ரி," என்றேன்.